மூன்று புள்ளிகளும் ஒரு நேர்கோடும்

ஒர்க் ஸ்டடி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் எல்லாரும் பி.ஈ. படித்தவர்கள். நான் வெறும் பாலிடெக்னிக். அதனால் கணக்குச் சொல்லித்தர வரவில்லை, பயப்பட வேண்டாம். இப்போது அட்டவணையைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே வரைபடம் போட்டுவிடுகிறது. வரைபடத்தின் மேல் ஒரு தட்டு தட்டினால் சமன்பாடும் வந்து விழுகிறது. எங்கள் காலத்தில் கட்டம்போட்ட தாளில் பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தோம். அதுதான் உசத்தி என்று பெருமையடிக்கமாட்டேன். கழுத்துவலிதான் மிச்சம். ஆம்பூரைச் சுற்றியிருக்கும் ஷூ கம்பெனிகளில் கையில் ஸ்டாப்வாட்சோடு என் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். ஏதாவது எழுதிக்கொடுங்கள் மேடம் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். கேட்டுவிட்டுப் பிறகு இந்தம்மா அழவைத்துவிட்டாள் என்று குறைசொல்லாதீர்கள்.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். என் மாமியாருக்குக் கடைசிவரை புரியவே இல்லை. "மத்தவங்க வேல செய்றத நின்னு பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்பார். ஏறக்குறைய அதுதான். ஒரு பெண் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறாள். எந்த மணியில் எத்தனை ஜோடி என்று எழுதுகிறோம். அது அட்டவணை. மணியைக் கிடையிலும் ஜோடியைச் செங்குத்திலும் வைத்துப் புள்ளியிட்டால் வரைபடம். புள்ளிகள் ஏதோ ஓர் ஒழுங்கில் அமைந்துவிட்டால் அதற்கு ஒரு சமன்பாடு. மணியைச் சொன்னால் ஜோடியைச் சொல்லிவிடும். மூன்றும் ஒரே சார்பைத்தான் மூன்று விதமாகக் காட்டுகின்றன என்று உங்கள் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். பரீட்சைக்கு அது சரி. ஆனால் கம்பெனியில் அட்டவணை நடந்ததை மட்டும் சொல்கிறது. சமன்பாடு இன்னும் நடக்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது, அதுவும் துளி தயக்கமில்லாமல்.

எனக்கு முதன்முதலாக மேலதிகாரியாக வந்தவர் வாய்நிறைய வெற்றிலையோடு பேசுபவர். பாதி புரியும், பாதி சட்டையில் தெறிக்கும். நான் ஒருநாள் வரைபடத்தில் கடைசிப் புள்ளியைத் தாண்டியும் கோட்டை அழகாக நீட்டிக்கொண்டு போனபோது ஸ்கேலைப் பிடுங்கிவைத்துவிட்டார். "கடைசிப் புள்ளி வரைக்கும்தான் கோடு நம்ம பட்டா நிலம்மா. அதுக்கு அந்தாண்ட போட்டா பொறம்போக்கு" என்றார். அப்போது சிரித்துவிட்டேன்.

வரைபடம் தப்பாகச் சொல்லாது, நாம்தான் தப்பாகப் படிப்போம். அதற்கு ஒரு சின்ன உதாரணம். சென்னையிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான், கெட்டிக்காரன். ஒரு மாதம் தையல் லைன்களின் கணக்கை வரைந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் கோடு பள்ளத்தில் விழுகிறது, பெண்கள் வாரக்கடைசி என்று மெத்தனம் காட்டுகிறார்கள், எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று அறிக்கை தயாரித்துவிட்டான். நான் அவனை வெள்ளிக்கிழமை மத்தியானம் லைனுக்குக் கூட்டிப்போனேன். ஏழெட்டு மெஷின்கள் சும்மா நின்றன. முன்னால் பெண்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊசி உடைந்த மெஷின், நூல் சிக்கிய மெஷின். சரிசெய்யும் மெக்கானிக்குகள் இரண்டுபேரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். பையன் அறிக்கையைக் கிழித்துப்போட்டான். ஒருவரை மாற்றி ஒருவர் வேறு வேறு பள்ளிவாசலுக்கு, வேறு நேரத்துத் தொழுகைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தோம், பள்ளம் தூர்ந்துவிட்டது. இப்படி எல்லாமே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயமாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இனி கஸ்தூரியைப் பற்றிச் சொல்கிறேன்.

கஸ்தூரி மாதனூர்ப் பக்கத்து கிராமத்துக்காரி. மூன்றாவது லைனில் தையல். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவள், இரண்டு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதுவரை அதே லைனில், அதே ஜன்னலோர மெஷினில் இருந்தாள். வளைவான இடத்தில் இரட்டைத் தையல் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாய் ஓயாது. அந்த வரிசையில் யாருக்கு மாமியார் சண்டை, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் அவள் வழியாகத்தான் போகும். சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது லைன் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு டப்பாவும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சொந்தக்காரியிடம் வரும். அந்த வட்டத்துக்கு நடுநாயகம் கஸ்தூரிதான். லைன் சூப்பர்வைசர் நூர்ஜஹான் ஆம்பூர் டவுன்காரி, கண்டிப்பானவள். அவளே பிரியாணி கொண்டுவரும் நாளில் கஸ்தூரியைத்தான் முதலில் கூப்பிடுவாள்.

நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே ஒன்றைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தால் கை மெதுவாகும். தைப்பவள் கத்தரிக்கோலைத் தேடுவாள், நூலை இரண்டுமுறை சரிபார்ப்பாள், இல்லாத பிசிறை வெட்டுவாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாம் எழுதுகிற எண்தான் நாளைக்கு அவள் தலையில் டார்கெட்டாக வந்து உட்காரும். எந்தப் பைத்தியக்காரி தன் தலைமேல் தானே பாரத்தை ஏற்றிக்கொள்வாள்? நமக்கும் இது தெரியும். அதனால் அவள் எவ்வளவு மறைக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, எழுதிய எண்ணோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வோம். அவர்கள் குறைப்பதும் நாம் கூட்டுவதும் இந்தத் தொழிலில் வழக்கம். இரண்டு தரப்புக்கும் தெரிந்த விளையாட்டு, யாருக்கும் கோபம் இல்லை.

ஆர்டர் குறைந்துகொண்டே வந்த வருடம் அது. இரண்டு லைன்களை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். மூன்றாவது லைனையும் மூடப்போகிறார்கள் என்று கழிப்பறை வாசலிலிருந்து கம்பெனி பஸ் வரைக்கும் பேச்சு. அப்போதுதான் வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் புது மாடல் ஒன்றை அனுப்பி, எங்களிடமும் வேறொரு கம்பெனியிடமும் கேட்டிருந்தார். நாளொன்றுக்கு எவ்வளவு தரமுடியும் என்று அன்று மத்தியானத்துக்குள் பதில் சொல்லவேண்டும். காலையில்தான் தோல் வெட்டி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மூணாவது லைன்ல யாரையாவது உக்கார வச்சு எடுங்க மேடம்" என்றார். நூர்ஜஹான் கஸ்தூரியைக் காட்டினாள்.

நான் வாட்ச்சோடு பக்கத்தில் போய் நின்றேன். கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த ஆர்டர் வந்தா லைன் பொழைக்குமா மேடம்?" என்று கேட்டாள். "வந்தா பொழைக்கும்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. டீ வந்தது, தொடவில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. பக்கத்து மெஷின் பெண்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு அவளுக்குத் தோலை எடுத்துக்கொடுத்தார்கள், நூல் கண்டு மாற்றிக்கொடுத்தார்கள். முதல் மணியில் பதினாறு ஜோடி. இரண்டாவதில் பதினெட்டு. மூன்றாவதில் இருபது. மூன்றாவது மணி முடிந்ததும் அவள் விரல்களைப் பிரிக்க முடியாமல் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என் தொழில் வாழ்க்கையில் கடிகாரத்துக்கு முன்னால் வேகமாகத் தைத்த ஒரே பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாளின் ஓரத்தில் எழுதினேன்: இது சாதாரண வேகம் இல்லை, இதைவிடக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும், பக்கத்துப் பெண்கள் உதவினார்கள். எழுதியதோடு நிற்காமல் மேனேஜரிடம் வாயாலும் சொன்னேன். அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, என்னைப்போலவே வாட்ச்சோடு தொடங்கி மேலே வந்தவர். அதனால்தான் நம்பவில்லை.

"மேடம், இத்தன வருஷத்துல எவளாவது வாட்ச்சுக்கு முன்னால வேகமா தச்சு பாத்திருக்கீங்களா? மொதல்ல வேகத்த அமுக்கி வச்சிருந்தவ, போகப்போக வெளிய விடறா. பதினாறு, பதினெட்டு, இருபது. பாருங்க, இன்னும் சரக்கு உள்ள கீது."

மூன்று புள்ளிகளை வைத்தார். ஸ்கேல் வைத்ததுபோல ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்தன. அதுதான் வினை. கொஞ்சம் கோணலாக இருந்திருந்தாலாவது யோசித்திருப்பார். மணியை இரண்டால் பெருக்கிப் பதினான்கைக் கூட்டினால் ஜோடி. சின்னச் சமன்பாடு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். கோட்டை எட்டாவது மணிவரை இழுத்தார். எட்டாவது மணியில் முப்பது ஜோடி என்றது. "முப்பது வேணாம், பாவம்" என்று அவராகவே இரக்கப்பட்டு, எட்டு மணிநேரத்துக்கும் சராசரி எடுத்து மணிக்கு இருபத்து மூன்று என்று வாங்குபவருக்கு எழுதினார். நான் நின்றுகொண்டே சொன்னேன், "சார், மூணு மணிநேரத்துக்கு மேல நமக்கு ஒண்ணுமே தெரியாது. கோடு அங்கேயே நிக்கணும்." "பதில் பன்னெண்டு மணிக்குள்ள போகணும் மேடம்" என்றார். போய்விட்டது.

ஆர்டர் எங்களுக்கு வந்தது. மூன்றாவது லைன் பிழைத்தது. செய்தி வந்த அன்று பெண்கள் கஸ்தூரியைத் தூக்காத குறை. யாரோ கேசரி கிண்டிக்கொண்டு வந்தார்கள். நூர்ஜஹான் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கஸ்தூரி வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வாரம் லைனின் தலைமாட்டுப் பலகையில் டார்கெட் எழுதினார்கள். மணிக்கு இருபத்து மூன்று.

யாராலும் முடியவில்லை. பதினான்கு, பதினைந்து, கைதேர்ந்தவர்கள் பதினாறு. கஸ்தூரிக்கே பதினேழைத் தாண்டவில்லை. முதல் இரண்டு நாள் மாடல் புதுசு என்று விட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு மணி முடிவிலும் பலகைக்கு முன்னால் மேனேஜர் வந்து நிற்க ஆரம்பித்தார். குறைந்தவர்கள் பெயரை மைக்கில் வாசித்தார்கள். டீ நேரத்தை வெட்டினார்கள். யாராவது கழிப்பறைக்குப் போனால் மேனேஜரிடம் நூர்ஜஹான் கணக்குச் சொல்லவேண்டும். பெண்கள் பேஜாராகிப் போனார்கள். அந்தக் கோபம் மேனேஜர்மேல் போயிருக்க வேண்டும், போகவில்லை. மேனேஜர் எட்டாத இடத்தில் இருந்தார். கஸ்தூரி பக்கத்து மெஷினில் இருந்தாள்.

"ஒன்ன யாருடி அப்டி ராக்கெட் மாதிரி தைக்கச் சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாளாம். "இவ ஒருத்தி கை காட்டனதுக்கு நம்ம எல்லாரு முதுகும் ஒடியுது" என்று இன்னொருத்தி. லைனைக் காப்பாற்றத்தான் அவள் தைத்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தோலை எடுத்துக்கொடுத்த கைகளே அவர்களுடையதுதான். ஆனால் வலி வந்துவிட்டால் நியாயம் எல்லாம் இரண்டாவதுதான். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன், என்னால் அப்படி மைக்கில் பெயர் வாசிக்கக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்திருக்க முடியாது.

நூர்ஜஹான்தான் வந்து என்னிடம் அழுதாள். "மேடம், பஸ்ல கூட அவள ஒக்கார விடமாட்டேங்கறாங்க." மாதனூர்ப் பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நிறுத்தத்தில் ஏறுபவர்கள் அடுத்தடுத்த ஊர்த் தோழிகளுக்காகச் சாப்பாட்டுப் பையை இருக்கையில் வைத்து இடம் போடுவார்கள். பை இருந்தால் இடம் உனக்கு, யாரும் கேட்கமாட்டார்கள். கஸ்தூரிக்குப் பை போடுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் ஊரிலிருந்து ஆம்பூர்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். சாப்பாட்டு வட்டத்திலும் அவள் டப்பா அவளிடமே இருந்தது. நகராத டப்பாவை நாலு நாள் முன்னால் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவள் மெஷினிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு வாய்க்காரி, பேசுவதே நின்றுவிட்டது.

நான் மறுபடியும் கணக்கெடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். முழு வாரத்துக்கு, முழு லைனுக்கும், காலை முதல் மணியிலிருந்து மாலை கடைசி மணிவரை. வரைந்து பார்த்தபோது உண்மை தானாக எழுந்து நின்றது. கோடு காலையில் கொஞ்சம் ஏறுகிறது, பதினைந்து அருகே சமமாக ஓடுகிறது, சாப்பாட்டுக்குப் பின் இறங்கி, கொஞ்சம் நிமிர்ந்து, கடைசி மணியில் சோர்ந்து விழுகிறது. எங்குமே அது நேர்கோடு இல்லை. உடம்பு உள்ள யாரும் நேர்கோட்டில் வேலை செய்வதில்லை.

மேனேஜரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "கோடு கீழ வருதுன்னா ஆளுங்க சரியில்லன்னு அர்த்தம். இருபத்து மூணுன்னு எழுதினது வாங்கறவர் கையில கீது மேடம், இப்ப மாத்தினா அவமானம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அவமானம் உங்களுக்கு சார், ஒடம்பு அவங்களுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்காக ஒரு மெமோவும் வாங்கினேன். அந்த மெமோ மட்டும்தான் நான் வாங்கியதிலேயே எனக்குப் பிடித்தது.

பிறகு நடந்ததுதான் நடக்கவேண்டியது. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு தயாராகவில்லை, பலமடங்கு செலவில் விமானத்தில் அனுப்பவேண்டி வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இருபத்து மூன்று எங்கிருந்து வந்தது என்பது. என் வாரக்கணக்கை எடுத்துவைத்தேன். அதன் மேலேயே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கஸ்தூரியின் மூன்று புள்ளிகளையும் வைத்திருந்தேன். மற்ற எல்லாப் புள்ளிகளும் கீழே கூட்டமாக இருக்க, அந்த மூன்று மட்டும் விலகி, மேலே மேலே ஏறிப்போயின. தலைமை அலுவலகத்துக்காரர் அவற்றைக் காட்டி, "இதையும் சேத்து எடுக்கணுமா?" என்றார். "வேணாம் சார். அது ஒருநாள், ஒருத்தி, அவசரத்துல செஞ்சது. அதச் சேத்தா மறுபடியும் தப்புத்தான் வரும்" என்று சொல்லி, சிவப்புப் பென்சிலால் அந்த மூன்றையும் சுழித்து ஒதுக்கினேன். கணக்குப்படி அது சரி. இன்றைக்கு நீங்கள் என்னிடம் அந்த அட்டவணையைக் கொடுத்தாலும் அதையேதான் செய்வேன்.

டார்கெட் பதினைந்துக்கு இறங்கியது. மைக் நின்றது. டீ நேரம் திரும்பி வந்தது. லைனில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது.

கஸ்தூரிக்கு மட்டும் அது எதுவும் தெரியாது. அதற்கு முந்தின வாரமே அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நூர்ஜஹானும் அவள் ஊருக்குப் போனோம். எப்படியும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு போனோம். ஜன்னலோர மெஷினை நூர்ஜஹான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். கஸ்தூரி வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிப் போட்டிருந்தார்கள், கூலிக்கு வந்த பெண்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள்.

"இன்னா மேடம், இந்த வெயில்ல! சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேன்ல?"

நூர்ஜஹான் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒனக்குன்னுதான் வந்தோம் கஸ்தூரி. டார்கெட்ட எறக்கிட்டாங்க. பதினஞ்சுதான் இப்ப. நீ நாளைக்கே வந்துடு."

கஸ்தூரியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நெஜமாவா? பதினஞ்சா? அப்பா... எல்லாம் மூச்சு விட்டிருப்பாளுங்க." தனக்காக அவள் சந்தோஷப்படவில்லை, லைனுக்காகத்தான் சந்தோஷப்பட்டாள். "எப்டி எறக்குனாங்க மேடம்?"

நம் தொழில் புத்தி இருக்கிறதே, அது சும்மா விடாது. வாயால் சொல்லியிருக்கலாம். பைக்குள் அந்த வரைபடத்தின் நகல் இருந்தது, எடுத்துக் காட்டினேன். கஸ்தூரி பத்தாவது வரை படித்தவள். கிடையில் மணி, செங்குத்தில் ஜோடி என்று நான் சொல்வதற்குள் அவளே விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். "இது சாப்பாட்டு நேரம். இது டீ. இங்க எல்லாரும் அசந்து போய்டுவாளுங்க" என்று சிரித்தாள். பிறகு விரல் மேலே போய் நின்றது.

"இது இன்னா மேடம், மேல மூணு புள்ளி?"

"அது நீதான்" என்றேன். "அன்னைக்கு காலைல."

ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டாள். "நல்லாத்தான் தச்சிருக்கேன், இல்ல?"

"அந்த மாதிரி யாரும் தச்சதில்ல கஸ்தூரி."

"ஏன் செவப்புல சுழிச்சி வச்சிகீது?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "அத கணக்குல சேக்கல. அத எடுத்ததாலதான் டார்கெட் கம்மியாச்சு."

"ஓ" என்றாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். மடிப்பு கோணாமல், ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தாள்.

"நாளைக்கு பஸ்ஸுக்கு வந்துடுவியா?" என்று நூர்ஜஹான் கேட்டாள். "ஒன் மெஷின் அப்டியேதான் கீது. அவளுங்களும் கேட்டாளுங்க. சத்தியமா கேட்டாளுங்கடி."

"கேப்பாளுங்கக்கா. நல்லவளுங்கதான்." கஸ்தூரி கீழே குனிந்து தன் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "ஆனா நான் வரலக்கா."

"ஏன்?" என்றேன். "இனிமே ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் சொல்றேன்."

"சொல்லமாட்டாங்க மேடம். ஆனா என் கையையே பாத்துட்டு இருப்பாங்க." அவள் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "நான் கொஞ்சம் வேகமா தச்சா, இவ மறுபடியும் டார்கெட்ட ஏத்திடப் போறான்னு அவங்க பயப்படுவாங்க. மெதுவா தச்சா, இவளுக்கு வரும், வேணும்னே அமுக்கறான்னு ஆபீஸ்ல சொல்வாங்க. நீங்க வாட்ச்ச எடுத்துனு என் பக்கத்துல வந்து நின்னா, எனக்குன்னு எந்த நம்பர எழுதுவீங்க மேடம்?"

நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எண் எழுதுவதுதான் என் வேலை, அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கையிலிருந்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கஸ்தூரி, "வெயில் ஏறுது மேடம், கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுக் கடலைக்குவியலுக்குத் திரும்பிப் போய், தன் இடத்தில் உட்கார்ந்தாள்.